தலையில் தொங்கும் ரூஃப் லைனிங்: நாமே மாற்றிவிடலாமா?

கேள்வி, ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர், 2024 நவம்பர் 6

இருபது வருட வண்டி. ரூஃப் துணி நடுவில் தூளி மாதிரி தொங்குகிறது. கண்ணாடியில் பின்னால் பார்த்தால் ரோடு தெரியவில்லை, துணிதான் தெரிகிறது. குண்டூசி குத்தி வைத்தேன். ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் ஊசி மடியில் விழுகிறது. கடையில் முழுசாகக் கழற்றி மாற்ற வேண்டும் என்கிறார்கள். துணியில் சின்ன ஓட்டை போட்டு, சிரிஞ்சில் பசை ஏற்றி ஒட்டினால் போதாதா? யாராவது செய்து பார்த்ததுண்டா?

என் பதில், நவம்பர் 6, இரவு

தாராளமாகப் போதும். பசை காய்ந்துபோனால் துணி தொங்கும், புதுப் பசை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இதில் என்ன வித்தை இருக்கிறது?

என் வண்டியிலும் இதே கதைதான். 2004 மாடல் சின்ன கார். திங்கள் முதல் வெள்ளி வரை சேலத்தில், கன்னங்குறிச்சி வீட்டு வாசலில் வெயிலில் வேகும். சனி, ஞாயிறு ஏற்காட்டில் மாமனார் வீட்டு முன்னால் பனியில் ஊறும். மலை ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் அந்தத் துணி ஒருமுறை என் உச்சந்தலையைத் தடவி ஆசீர்வாதம் செய்கிறது. சிரிஞ்ச் வாங்கிவிட்டேன். செய்துவிட்டுச் சொல்கிறேன்.

நவம்பர் 9

செய்தேன். மூன்று இடத்தில் ஊசி போட்டேன். பசை துணியை நனைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இப்போது என் ரூஃபில் மூன்று பழுப்பு வட்டங்கள், பழைய எட்டணா அளவில். துணி மட்டும் ஒட்டவில்லை. விரலால் அழுத்தினால் உள்ளே நறநறவென்று ஏதோ நகர்கிறது. தூசியாக இருக்கும்.

ஆத்தூர் நண்பரே, சிரிஞ்சைத் தொடாதீர்கள்.

நவம்பர் 17

நேற்று ஏற்காட்டில் போர்டிகோ நிழலில் வண்டியை நிறுத்தி, துணி ஒட்டியிருக்கும் ரூஃப் பலகையை முழுதாகக் கழற்றினேன். நினைத்த அளவு கஷ்டமில்லை, ஆனால் அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. என் வண்டியில் போன வரிசை இது: சன்வைசர் (முன்னால் வெயில் மறைக்க மடக்கும் தட்டு) இரண்டும், ஆளுக்கு இரண்டு ஸ்க்ரூ. கைப்பிடிகளில் ஸ்க்ரூ வெளியே தெரியாது; மேலே ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதை நெம்பினால் கீழே ஸ்க்ரூ. ரூம் லைட் கண்ணாடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு ஸ்க்ரூ, பின்னால் ஒரு ஒயர் சாக்கெட். அப்புறம் கதவைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங்கை மேல்பக்கம் மட்டும் இழுத்துவிட வேண்டும். கண்ணாடிக்கு இருபுறமும் தூண்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக்குகள் கிளிப்பில் நிற்கின்றன. கடைசியாகப் பின்பக்கம் நாலு பட்டன் கிளிப். அதை எடுத்ததும் பலகை மொத்தமாகத் தலைமேல் இறங்கிவிடும். பிடிக்க ஒரு ஆள் வேண்டும். எனக்கு மச்சான் கிடைத்தான்.

முன்சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுக்கப்போட்டு, டிக்கிக் கதவு வழியாகப் பலகையை வெளியே எடுத்தோம். இந்தப் பலகை அழுத்திய நாரும் பிசினும் சேர்ந்தது. மடக்கினால் மடிந்த இடத்தில் கோடு விழும், அந்தக் கோடு கடைசிவரை போகாது. மச்சான் அவன் பக்கம் கொஞ்சம் மடக்கிவிட்டான். இல்லை என்கிறான். கோடு இருக்கிறது.

பிளாஸ்டிக்கை நெம்ப ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பெயின்ட் போய்விடும். மாமியாருடைய மரத் தோசைத் திருப்பி கச்சிதமாக வேலை செய்தது. அதைக் கழுவாமல் திருப்பி வைத்தது தனிக் கதை.

நவம்பர் 17, கொஞ்ச நேரம் கழித்து

எழுத மறந்தது: எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ரூம் லைட் ஒயர் பாடியில் பட்டு ஃபியூஸ் போனதால் சொல்கிறேன்.

நவம்பர் 24

துணியை உரித்தால் அது தோல் மாதிரி சுலபமாக வந்துவிட்டது. பலகை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஒரு மாவு. கையில் பட்டால் பிசுபிசுப்பு, காய்ந்தால் பொடி. துணிப் பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டிவிட்டு, சோபாவுக்கு வாங்கி மீதி இருந்த துணியை எடுத்து, செருப்புக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த மஞ்சள் சொல்யூஷனைப் பலகையிலும் துணியிலும் தடவி ஒட்டினேன். மதியம் மூன்று மணிக்கே மூடுபனி போர்டிகோ வரை வந்துவிட்டது. சொல்யூஷன் காயக் காய வெள்ளையாகப் பூத்தது, பால் தெளித்த மாதிரி. காய்ந்தால் அப்படித்தான் இருக்கும் போலும் என்று விட்டுவிட்டேன். ஒட்டியது. அழகாகத்தான் இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் பலகையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் துணிக்கு மேல் தெரிகிறது. மச்சானின் கோடும் தெரிகிறது.

மொத்தச் செலவு 400 ரூபாய்க்குள். குஷன் கடைக்காரர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்ற என் பழைய கருத்தை இங்கே பதிவு செய்கிறேன்.

டிசம்பர் 5

ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டில் மாட்டிக்கொண்டேன். மலைப்பாதையில் மண் சரிந்து, எப்போது இறங்கலாம் என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தோம். மிளகு ரசம், கேரம் போர்டு, மின்சாரம் இல்லை. வண்டி கண்ணாடி ஏற்றியபடியே நாலு நாள் நனைந்தது. கதவைத் திறந்தபோது உள்ளே ஈரக் கோணி வாசனை.

ரூஃப் நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 7

இல்லை.

டிசம்பர் 8

நேற்று எழுதியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். சேலம் வந்து வாசலில் வெயிலில் நிறுத்தினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், சன்வைசர் குழியிலும் ரூம் லைட்டைச் சுற்றியும் துணி விட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் முன்பாதி முழுக்க இறங்கிவிட்டது.

கோட்டைப் பக்கம் ஒரு குஷன் கடை. நடத்துபவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "பாய், பசை சரியில்லை, நல்ல பசை எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, தொங்கிய துணியின் ஓரத்தை இரண்டு விரலால் உரித்து, நகத்தால் பலகையைச் சுரண்டினார். நகத்தடியில் ஆரஞ்சு மாவு. அதை என்னிடம் நீட்டினார்.

"பசை சாகல தம்பி. இது செத்துருச்சு."

அப்புறம் வெள்ளைப் பூப்பைக் காட்டி, "இதை எங்க வச்சு ஒட்டினீங்க?" என்றார். ஏற்காடு என்றேன். சிரித்தார். கடைப் பையனைக் கூப்பிட்டு அவனிடமும் சொல்லிச் சிரித்தார்.

டிசம்பர் 15

நவம்பர் 6 அன்று நான் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அது தப்பு.

ரூஃப் துணி என்று நாம் சொல்வது வெறும் துணி இல்லை. துணிக்குப் பின்னால் மூன்று மில்லிமீட்டர் மாதிரி மெல்லிய ஃபோம் சேர்ந்தே வருகிறது. பலகையில் பசை, பசைமேல் ஃபோம், ஃபோம்மேல் துணி. அந்த ஃபோம் பாலியூரித்தேன். சூடும் ஈரமும் வருடக்கணக்கில் படப்பட அது உள்ளுக்குள் அறுந்து மாவாகிவிடும். பழைய பசை இன்னும் பலகையைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. துணியும் நன்றாகவே இருக்கிறது. நடுவில் இருந்தவன்தான் காலி. அப்படியிருக்க, சிரிஞ்சில் எந்தப் பசையை ஏற்றினாலும் அது மாவோடு மாவைத்தான் ஒட்டும். நவம்பர் 9 அன்று நறநறவென்றது தூசி இல்லை, ஃபோம்.

சேலம் வெயில், ஏற்காட்டு ஈரம் இரண்டையும் வாரம் தவறாமல் ஊட்டி வளர்த்திருக்கிறேன். வெயிலில் மூடி நிறுத்திய கார் உள்ளே 60 டிகிரி தாண்டுவது சாதாரணம். ரூஃப் தகரத்துக்கு அடியில் இன்னும் கூட.

டிசம்பர் 15, இன்னொன்று

வெள்ளைப் பூப்பு ஏன் என்று ராசிபுரத்துக்காரர் கேட்டார். சொல்யூஷனில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது அந்த இடத்துச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு சில்லிட்டுவிடும். சுற்றிலும் பனிக்காற்று. ஐஸ் போட்ட மோர் டம்ளர் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, பசைமேல் தண்ணீர் படிந்துவிடும். இரண்டு பக்கப் பசையையும் சேர்த்து அழுத்தும்போது நடுவில் ஒரு நீர்ப்படலம். தொட்டால் ஒட்டின மாதிரி இருக்கும், சூடு பட்டால் விட்டுவிடும்.

என் மாமனார் இதை ஒரே வரியில் சொன்னார்: "இங்க அப்பளமே காயாது, உன் பசை காயுமா?"

2025 பிப்ரவரி 9

பொங்கல் முடியட்டும், தை வெயில் வரட்டும் என்று காத்திருந்தேன். இந்தமுறை சேலத்தில், மொட்டை மாடியில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் வேலை, மற்றதெல்லாம் கதை.

சுரண்டல் மட்டும் மூன்று மணி நேரம். இரும்புப் பிரஷ் வேண்டாம், பலகையின் நாரைப் பிய்த்துவிடும். காய்ந்த நைலான் பிரஷ், ஓரங்களுக்கு உப்புத்தாள். தண்ணீர் கூடவே கூடாது, பலகை ஊறிவிடும். முகத்தில் மாஸ்க் கட்டாயம். நான் முதல் பத்து நிமிடம் கட்டாமல் செய்து ராத்திரி முழுக்க இருமினேன். உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் கையில் ஆரஞ்சு ஒட்டக் கூடாது, அதுவரை சுரண்ட வேண்டும். பாய் சொன்ன கணக்கு இது. நான் மூன்று முறை முடிந்துவிட்டது என்று நினைத்து மூன்று முறையும் கை ஆரஞ்சாக வந்தது.

துணி: ஃபோம் சேர்ந்த ரூஃப் துணி என்றே கேட்டு வாங்குங்கள். ஐந்தடி அகலத்துக்கு வரும். எனக்கு இரண்டு மீட்டர் போதும். பயத்தில் மூன்று வாங்கினேன். சோபாத் துணி, திரைத் துணி எல்லாம் பலகையின் வடுவை அப்படியே காட்டிக்கொடுக்கும். ஃபோம் இருப்பதே அதை மறைக்கத்தான். மச்சானின் கோடு இப்போது தெரியவில்லை. அவனுக்குச் சொல்லவில்லை.

முதலில் பலகைக்கு மட்டும் தின்னர் கலந்த மெல்லிய சொல்யூஷன் ஒரு கோட். அது நாருக்குள் இறங்கி, மிச்சப் பொடியைக் கட்டிப்போடும். நன்றாகக் காயவிட்டு, துணியைப் பலகைமேல் விரித்து நேர் பார்த்து, பாதியை மடக்கிப் போட்டுக்கொண்டேன். மடக்கிய பாதியின் ஃபோமிலும் அதற்கு நேரான பலகையிலும் இரண்டாவது கோட். ஃபோமில் மெல்லிசாக இழுக்க வேண்டும்; ஊறினால் வெளியே கறை, எட்டணா வட்டம் ஞாபகமிருக்கிறதா? பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, புறங்கையால் தொட்டால் ஒட்டாமல் ஆனால் இழுக்கிற மாதிரி இருக்கும்போது, நடுவிலிருந்து வெளியே நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டே இறக்கினேன். பிறகு மறுபாதி. கொட்டாவி விட நேரமில்லை, ஒருமுறை ஒட்டினால் தூக்கி வைக்க முடியாது.

முக்கியமானது குழிகள். சன்வைசர் உட்காரும் பள்ளம், லைட்டைச் சுற்றி, கைப்பிடிகள் வரும் இடம். துணியை டிரம்முக்குத் தோல் கட்டுகிற மாதிரி இழுத்து ஒட்டினால் குழிக்குமேல் பாலம் போட்டு நிற்கும்; முதல் வெயிலில் அங்கேதான் விடும். டிசம்பரில் எனக்கு முதலில் விட்ட இடங்கள் எல்லாமே குழிகள். துணியை இழுக்கவே கூடாது, குழிக்குள் தளர்வாக இறக்கிவிட்டு விரல்முனையால் அடிவரை படியவைக்க வேண்டும். அங்கே மட்டும் பலகையில் இரட்டைக் கோட்.

ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டு வெட்டிப் பின்னால் மடித்து ஒட்டினேன். ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்து மறுநாள்தான் மாட்டினேன்.

இன்னொன்று: தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும், தீப்பிடிக்கும். வீட்டுக்குள் செய்பவர்கள் அடுப்பு மட்டுமல்ல, பூஜை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

பிப்ரவரி 10

லைட் ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டேன். பெருக்கல் குறி போட்டு ஓரங்களை உள்ளே மடிக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருந்தார். நான் வட்டமாகக் கத்தரித்தேன். லைட் ஃபிரேமுக்கு வெளியே ஒரு பிறைநிலா தெரிகிறது.

மார்ச் 2

2022 மாடலிலும் இப்படிக் கழற்றலாமா என்று கேட்ட நண்பருக்கு: உங்கள் வண்டி வேறு சாதி. என்னுடையதில் ஏர்பேக் என்ற பேச்சே கிடையாது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் டிரைவர் பக்கமும், 2021 முதல் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். மேல் மாடல்களில் ரூஃப் ஓரத்திலும் சீட்டின் விலாவிலும் கூட இருக்கும். ரூஃப் ஓரத்தில் திரை மாதிரி விரிகிற பை இருந்தால், அந்தப் பலகையையும் தூண் பிளாஸ்டிக்கையும் நாம் கழற்றக் கூடாது. சீட்டின் விலாவில் பை இருந்தால் சாதாரண கவர் போட்டுத் தைத்தால் பை வெளியே வர வழியிருக்காது. சர்வீஸ் சென்டருக்கே போங்கள். தோசைத் திருப்பி வேலை அங்கே வேண்டாம்.

ஏப்ரல் 13

ரூஃப் நின்றுவிட்ட தைரியத்தில் டோர் பேடில், அதாவது கதவின் உள்பக்கத்தை மூடும் பலகையில், கை வைத்தேன். நாலில் இரண்டு பேடின் கீழ்ப்பகுதி உப்பி, ரெக்ஸின் உரிந்திருந்தது. இந்தமுறை பசையைக் குற்றம் சொல்லவில்லை, கற்றுக்கொண்டுவிட்டேன்.

பேடின் முதுகு ஹார்டுபோர்டு. அது ஏன் உப்பியது என்று பார்த்தால், கதவுக்கும் பேடுக்கும் நடுவில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட் கிழிந்து தொங்கியது. முன்பு ஒருமுறை கண்ணாடி இறக்கும் மெஷின் பார்த்தவர் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார். மழை பெய்தால் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு; கீழே ஓட்டைகள் இருக்கின்றன, வடிந்துவிடும். ஷீட் இருக்கும்வரை பேடுக்கு ஒன்றும் ஆகாது. என் கதவில் ஷீட்டும் இல்லை, ஓட்டைகளும் மண்ணால் அடைத்திருந்தன. விளக்கமாற்று ஈர்க்குச்சியை விட்டுக் குத்தினேன். சொளசொளவென்று அரை லிட்டர் காப்பித் தண்ணீர் காலில் கொட்டியது. ஃபெஞ்சல் புயலின் மிச்சம் இல்லை என்று யாராவது நிரூபியுங்கள்.

பழைய பேடை வைத்து மூன்று மில்லிமீட்டர் ஹார்டுபோர்டில் கோடு போட்டு வெட்டி, கிளிப் ஓட்டைகளைக் குறித்துத் துளைத்தேன். ஷீட்டுக்கு எஸ்டேட்டில் உர மூட்டைக்குள் வரும் தடித்த பாலிதீன், மச்சான் உபயம். ரெக்ஸின் சுற்றி ஒட்டுவது ரூஃபைவிடச் சுலபம். மூலைகளில் மட்டும் உள்பக்கம் முக்கோணமாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தடித்துக்கொள்ளும்.

ஒரு சொதப்பலும் உண்டு. கை வைக்கும் இடத்துக்குள் இருந்த தெர்மாகோல் துண்டில் சொல்யூஷன் பட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சர்க்கரைப் பாகு மாதிரி கரைந்து குழியாகிவிட்டது. தெர்மாகோல் பக்கம் சொல்யூஷன் போகவே கூடாது.

ஏப்ரல் 14

புது டோர் பேடில் தட்டு வடை செட்டின் சிவப்புச் சட்னி. இருபத்து நாலு மணி நேரம் கூட ஆகவில்லை. புத்தாண்டு நல்வாழ்த்துகள்.

மே 4

ரெக்ஸினையே ரூஃபுக்கும் போடலாமா என்று ஒருவர் கேட்டார். கனம் அதிகம், வளைவுகளில் இறங்காது, வேண்டாம். ஆட்டோக்காரர்கள் போடுவது வேறு, அது கம்பியில் இழுத்துக் கட்டுவது.

பேச்சு வந்ததால்: ரெக்ஸின் முதலில் ஒரு கம்பெனிப் பெயர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் ஹைட் என்ற ஊரில், துணிமேல் செல்லுலோஸ் நைட்ரேட் பூசிச் செய்த செயற்கைத் தோல். இன்று நாம் வாங்குவது பிவிசி பூசியது. பெயர் மட்டும் நம் ஊரில் தங்கிவிட்டது. பாயிடம் இதைச் சொன்னேன். "அப்படியா" என்றுவிட்டு மீட்டருக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

மே 25

வெயில் பரீட்சை. ஒரு மாதமாக வேண்டுமென்றே நிழலில் நிறுத்தவில்லை. கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையில் ஊர்ந்து ஏறி, ஊர்ந்து இறங்கியும் ஆயிற்று. குழிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தலையில் ஆசீர்வாதம் நின்றுவிட்டது.

ஜூன் 22

சீட் உறையையும் நானே தைக்கலாம் என்று நினைத்திருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். உறையை ஃபோமுக்குள் ஓடும் கம்பியோடு சின்ன இரும்பு வளையங்கள் பிடித்திருக்கின்றன. வெட்டி எடுக்கும் வரை சரி. பழைய உறையைப் பிரித்துத் துண்டு துண்டாக அளவெடுத்தேன். பதினேழு துண்டு. வீட்டுத் தையல் மெஷினில் ரெக்ஸின் இரண்டு மடிப்பு வரை ஓடியது, மூன்றாவது மடிப்பில் ஊசி முறிந்து வீட்டம்மாவின் கண்ணுக்குப் பக்கத்தில் பறந்தது. அத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு பாய் கடைக்குப் போய்விட்டேன். அவர் பையன் ஒரே மதியத்தில் இரண்டு சீட் முடித்தான். கேட்ட காசைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். நவம்பர் 24 அன்று ஏமாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தேன், அதையும் வாபஸ்.

ஆகஸ்ட் 17

ஏற்காட்டில் மறுபடி மூடுபனி. பின்பக்கம் இடது மூலையில் கட்டைவிரல் அளவு ஒரு குமிழ் வந்திருக்கிறது. அழுத்தினால் ஒட்டுகிறது, மறுநாள் மறுபடி எழும்புகிறது. அந்த மூலையில் சுரண்டும்போது இருட்டிவிட்டது, உள்ளங்கையால் தேய்த்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஆத்தூர் நண்பர் தன் ரூஃபை முடித்துப் படம் அனுப்பியிருந்தார். லைட் ஓட்டை என்னுடையதைவிட நன்றாக வெட்டியிருக்கிறார். சன்வைசருக்கு மட்டும் துணி பத்தவில்லையாம். என்னிடம் ஒரு மீட்டர் மீதி இருக்கிறது, அதே பிஸ்கட் கலர்தான். நாளைக் காலை ஆத்தூர் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.